ஒட்டுக்கேட்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது

வீட்டில் குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தவறாமல் வரும். "நேற்று குக்கர் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம், இன்று போனைத் திறந்தால் குக்கர் விளம்பரம்!" எனவே அந்தப் பெட்டி எந்நேரமும் ஒட்டுக்கேட்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சந்தேகம் இயல்பானதுதான். ஆனால் ஆதாரம் மெலிந்தது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியினரும் 2020இல் ஒரு சோதனை செய்தார்கள். பல நிறுவனங்களின் ஸ்பீக்கர்களுக்கு எதிரில் 125 மணி நேரம் நெட்ஃபிளிக்ஸ் தொடர்களை ஓடவிட்டு, அவை எப்போது விழிக்கின்றன, இணையத்தில் எப்போது எதை அனுப்புகின்றன என்று கண்காணித்தார்கள். இடைவிடாமல் பதிவு செய்து அனுப்புவதற்கான அறிகுறி எதுவும் அகப்படவில்லை.

நிறுவனங்களுக்கு மிகவும் வசதியான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். "எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று உண்மையாகவே சொல்லிவிட்டுப் போய்விடலாம். தவறுதலாகக் கேட்டதை என்ன செய்கிறீர்கள், எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுருக்கமாக வராது. 2018 முதல் வெளியான செய்திகளும் வழக்குகளும் அந்தப் பதில்களைத்தான் துண்டுதுண்டாக வெளியே கொண்டுவந்தன.

முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2014 நவம்பரில் அமெரிக்காவில் வந்தபோது அதில் ஏழு மைக்குகள் இருந்தன. அறையின் மறுகோடியிலிருந்து பேசினாலும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும், எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறது என்று கண்டறிய அத்தனை மைக்குகள் வேண்டியிருந்தன. இந்த மைக்குகள் தாமாக அணைவதில்லை. வருகிற ஒலியைச் சில வினாடி அளவுக்கு மட்டும் கருவி தன் நினைவகத்தில் வைத்திருக்கும். புதிய ஒலி வர வர பழையது அழிந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஒரு சிறிய நிரல் அந்த ஒலியில், எக்கோ என்றால் "அலெக்ஸா", கூகுள் ஸ்பீக்கர் என்றால் "ஓகே கூகுள்" என்ற அழைப்புச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருப்பதாகத் தோன்றினால் விளக்கு எரியும். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்.

"இருப்பதாகத் தோன்றினால்" என்பதில்தான் சிக்கல். அந்த நிரல் சொல்லைப் புரிந்துகொள்வதில்லை. கேட்ட ஒலி அழைப்புச் சொல்லோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. அது ஒரு வரம்பைத் தாண்டினால் விழித்துக்கொள்கிறது. வரம்பை உயர்த்தினால் பாட்டி நான்கு முறை கூப்பிட்டாலும் கருவி திரும்பிப் பார்க்காது. தாழ்த்தினால் யாரும் கூப்பிடாமலே விழிக்கும். கூப்பிட்டும் பேசாத கருவியை ஆட்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூப்பிடாமலே சில வினாடி விழித்துப் படுத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் பிழை விடுவது வியாபாரத்துக்கு நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இப்படித் தவறுதலாக எழுப்பும் ஒலித்தொடர்களைத் தேடியபோது ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. ஆங்கிலத்தில் "அன்அக்செப்டபிள்" என்றாலும் "எலெக்‌ஷன்" என்றாலும் அலெக்ஸா விழித்தது. "ஓகே கூல்" என்றால் கூகுள் எழுந்தது. "எ சிட்டி" போதும், ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி (Siri) எழுந்துவிட்டது. இவையெல்லாம் தொலைக்காட்சிச் செய்தியிலும் நாடகத்திலும் நாளெல்லாம் அடிபடுகிற சொற்கள். அலெக்ஸ் என்ற பெயர் புழங்கும் வீடுகளில் நிலைமை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அழைப்புச் சொல்லை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிழைமேல் பிழை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்வார்கள். கணவனும் மனைவியும் வீட்டுக்கு மரத்தளம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் வேறு நகரிலிருந்து கணவரின் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரின் இணைப்பை உடனே பிடுங்குங்கள் என்றார். அவர்கள் பேசியது முழுவதும் ஒலிப்பதிவாக அவருக்குப் போயிருந்தது. அமேசான் தந்த விளக்கம் படிப்பதற்கே விசித்திரமானது. பேச்சில் ஏதோ ஒரு சொல் "அலெக்ஸா" போல ஒலித்ததாம். அடுத்து வந்தது "செய்தி அனுப்பு" போல ஒலித்ததாம். "யாருக்கு?" என்று கருவி கேட்டதாம், பேச்சிலிருந்து ஒரு பெயரை அதுவே எடுத்துக்கொண்டதாம். "இவர்தானே?" என்று உறுதி கேட்டபோது பேச்சில் "ஆமாம்" போல ஒன்று விழுந்ததாம். நான்கு பிழைகள் வரிசையாக நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது உண்மை. கோடிக்கணக்கான கருவிகள் நாள் முழுவதும் விழித்திருக்கும்போது மிகக் குறைந்த வாய்ப்பும் எங்காவது ஒரு வீட்டில் நடந்தே தீரும் என்பதும் உண்மை.

அங்கே பதிவு தெரிந்தவருக்குப் போனதால் விஷயம் வெளியே வந்தது. மற்றத் தவறான பதிவுகள் சத்தமில்லாமல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து எங்கே போயின என்பது மறு ஆண்டு தெரிந்தது.

2019 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. அலெக்ஸா கேட்ட பேச்சுகளை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார்கள். பாஸ்டன், கோஸ்டாரிகா, ருமேனியா, இந்தியா ஆகிய இடங்களில் இந்த வேலை நடக்கிறது. ஒருவர் ஒன்பது மணி நேர ஷிஃப்டில் ஆயிரம் துண்டுகள் வரை கேட்பதுண்டு. பாத்ரூமில் ஒரு பெண் அபசுரமாகப் பாடுவது, ஒரு குழந்தை உதவி கேட்டு அலறுவது எல்லாம் அவற்றில் இருந்தன. சொல் புரியாதபோதும், சில நேரம் சிரிப்பதற்காகவும், பதிவுகளை ஊழியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். பாலியல் வன்முறை நடப்பதாகத் தோன்றிய ஒரு பதிவைக் கேட்ட ஊழியர்கள் மேலிடத்தில் சொன்னபோது, தலையிடுவது நம் வேலை அல்ல என்ற பதில் கிடைத்ததாக அந்தச் செய்தி சொன்னது.

மற்ற இரண்டு நிறுவனங்களின் முறை ஜூலையில் வந்தது. பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு நிறுவனம், கூகுள் அசிஸ்டென்ட் பதிவுகள் ஆயிரத்துக்கும் மேல் தன் கைக்கு வந்ததாக அறிவித்தது. அவற்றில் 153 துண்டுகளில் யாரும் அழைப்புச் சொல்லைச் சொல்லவே இல்லை. படுக்கையறைப் பேச்சு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான பேச்சு, தொழில் விவகாரம் எல்லாம் இருந்தன. பதிவில் காதில் விழுந்த முகவரிகளை வைத்துச் செய்தியாளர்கள் ஆட்களைத் தேடிப் போய், "இது உங்கள் குரலா?" என்று போட்டுக் காட்டினார்கள், ஆமாம் என்றார்கள். மொத்தப் பதிவுகளில் 0.2 சதவீதம்தான் மனிதர் காதுக்குப் போகிறது என்றது கூகுள். அதே மாதம் ஆப்பிளின் சிரி பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்பதை கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. மருத்துவரிடம் பேசியது, போதைப்பொருள் பேரம், தம்பதியரின் தனிமை எல்லாம் அங்கேயும் இருந்தன. ஜிப் இழுக்கும் ஓசைக்குக்கூட சிரி விழித்துக்கொண்டதாக அந்த ஊழியர்களில் ஒருவர் சொன்னார். தனியுரிமையை விளம்பரப் பலகையில் ஏற்றி விற்ற நிறுவனம் அது. ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டு, பயனாளர் சம்மதித்தால் மட்டுமே மனிதர் கேட்பார் என்று மாற்றியது. சிரி தானாக விழித்துப் பதிவு செய்தது தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள 9.5 கோடி டாலர் தருவதாக ஆப்பிள் ஒப்புக்கொண்ட செய்தி 2025 தொடக்கத்தில் வந்தது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதர் கேட்டுத் திருத்தாமல் இந்தக் கருவிகள் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றிருக்காது. மதுரைக்காரர் ஆங்கிலம் பேசுவதும் டெக்சாஸ்காரர் பேசுவதும் ஒன்றல்ல; எங்கே பிசகியது என்று யாராவது உட்கார்ந்து குறித்தாக வேண்டும். அந்த வேலை நடந்ததைவிட, அது நடப்பதை வாங்கியவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. "எங்கள் சேவையை மேம்படுத்த உங்கள் கோரிக்கைகளைப் பயன்படுத்துகிறோம்" என்ற ஒரு வரிக்குள் முன்பின் தெரியாத ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பெயர் நீக்கித்தான் தருகிறோம் என்ற சமாதானமும் வலுவற்றது. ஜெர்மனியில் ஒருவர் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தன்னைப் பற்றி அமேசானிடம் இருப்பதைக் கேட்டு வாங்கினார். வந்து சேர்ந்தவற்றில் சுமார் 1,700 ஒலிப்பதிவுகள் இருந்தன. அவர் வீட்டில் அலெக்ஸாவே கிடையாது, அத்தனையும் வேறொருவருடையவை. 2018 டிசம்பரில் இதை வெளியிட்ட "சிடி" என்ற கணினி இதழின் செய்தியாளர்கள், அந்தப் பதிவுகளில் காதில் விழுந்த பெயர்கள், வானிலை விசாரிப்புகள் போன்றவற்றை வைத்தே அந்த வேறொருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதப் பிழை என்றது அமேசான். பெயரில்லாப் பதிவுக்கு ஆள் அடையாளம் காண எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பது அதில் தெரிந்தது: பெரிதாக ஒன்றும் இல்லை.

இத்தனை செய்திகளையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நீதிமன்ற ஆவணம். 2023 மே 31 அன்று அமெரிக்க நீதித்துறை, நுகர்வோர் நலனைக் காக்கும் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனின் சார்பில் அமேசான் மீது வழக்குத் தொடர்ந்தது. 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் இணையத் தனியுரிமையைக் காக்கும் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. பெற்றோருக்குத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது. பெற்றோர் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தனி அலெக்ஸா கணக்குப் பிரிவு இருந்தது. அவர்களின் குரல் பதிவுகளை அமேசான் காலவரையின்றி வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. பெற்றோர் பதிவை அழித்த பிறகும் அதன் எழுத்துப்படி வேறு இடங்களில் அப்படியே கிடந்தது என்பது இன்னொன்று. ஆகஸ்ட் 2018 முதல் செப்டம்பர் 2019 வரை சுமார் 30,000 ஊழியர்களால் வாடிக்கையாளர் குரல் பதிவுகளைத் திறக்க முடிந்தது; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அலுவல் தேவையே இல்லை என்றும் மனு சொன்னது. சட்டத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொண்டே 2.5 கோடி டாலர் அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொண்டது அமேசான்.

குழந்தை "ஒரு நரி கதை சொல்லு" என்று கேட்ட பதிவை எதற்கு வருடக்கணக்காக வைத்திருக்க வேண்டும்? பெரியவர்களும் குழந்தைகளும் பேசும் முறை வேறு. குழந்தை பேசினால் சொல் மழுங்கும், வாக்கியம் பாதியில் நிற்கும், உற்சாகத்தில் குரல் எகிறும். குழந்தைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்தைப் பழக்க அந்தப் பதிவுகள் அரிய சரக்கு. கமிஷன் இதையே சுட்டிக்காட்டி, இயந்திரத்துக்குக் கற்பிக்கிறோம் என்பது சட்டத்தை மீறுவதற்குச் சாக்காகாது என்ற நிலையை எடுத்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் போட்டியைப் பார்க்கும்போது அந்த வாதத்துக்கு இருக்கும் பொருத்தம் கூடியிருக்கிறது.

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்த ஸ்பீக்கர்களை அமேசான் லாபத்துக்கு விற்கவில்லை. எக்கோவும் கிண்டிலும் உள்ளிட்ட கருவிப் பிரிவு 2017 முதல் 2021 வரை 2,500 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் கண்டதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் எழுதியது. கருவியை மலிவாக வீட்டுக்குள் அனுப்பினால் ஆட்கள் அதன் வழியாகப் பொருள் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஆட்களோ சமையலறையில் டைமர் வைக்கவும், பாட்டு போடவும், மழை வருமா என்று கேட்கவும் பயன்படுத்தினார்கள். விற்பனையில் வராத காசு வேறு வழியில் வரவேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், எக்கோவிடம் எதைப் பற்றிக் கேட்கிறோமோ அது விளம்பரத்துக்காக நம் விருப்பங்களைக் கணிக்கப் பயன்படுவது தெரிந்தது. அப்படிக் கணிக்கப்பட்டவர்களுக்கு விளம்பரம் காட்டும் வாய்ப்புக்கான ஏலத்தில் விளம்பரதாரர்கள் 30 மடங்கு வரை கூடுதல் விலை கேட்டார்கள். முதலில் சொன்ன குக்கர் விளம்பரத்துக்கு ஒரு விடை இங்கே கிடைக்கிறது. நாம் பேசுவதை அது திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டியதில்லை; நாம் நேராகக் கேட்பதும் தேடுவதும் வாங்குவதுமே அதற்குத் தாராளம்.

ஒரு காப்புரிமையும் உண்டு. பேசுபவரின் இருமலையும் தொண்டைக்கட்டையும் மனநிலையையும் குரலிலிருந்து கண்டறிந்து, இருமல் மிட்டாய் வேண்டுமா என்று கேட்கும் யோசனைக்கு 2018 அக்டோபரில் அமேசான் காப்புரிமை பெற்றது. காப்புரிமை வாங்குவதெல்லாம் சந்தைக்கு வருவதில்லை. குரலில் சொற்களுக்கு அப்பால் என்ன கிடைக்கும் என்று அங்கே யோசித்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் தொழில்நுட்பத்திலேயே ஒரு நல்ல தீர்வு இருந்தது. பேச்சைக் கருவிக்குள்ளேயே எழுத்தாக்கிவிட்டு, ஒலியை வெளியே அனுப்பாமலே வைத்துக்கொள்வது. ஆப்பிள் 2021இல் ஐபோன்களில் சிரியின் பேச்சறிதலைப் பெருமளவு அப்படி மாற்றியது. அமேசானும் சில எக்கோ மாடல்களில், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மட்டும், ஒலியை அனுப்பாதே என்று சொல்லும் வசதியைத் தந்தது. 2025 மார்ச் 28 முதல் அதை எடுத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன் அறிவித்த அலெக்ஸா பிளஸ் என்ற புதிய வடிவம், மனிதரைப் போல உரையாடும் பெரிய மொழி மாதிரிகள் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல்களை நம்பி இயங்குவது; அதற்குச் சர்வரின் வலு வேண்டும் என்பது காரணம். பதிவைச் சேமிக்காதே என்ற தேர்வு இன்னும் இருக்கிறது. சேமிக்காமலிருப்பதும் அனுப்பாமலிருப்பதும் ஒன்றல்ல. முன்னதில் நிறுவனத்தின் சொல்லை நம்ப வேண்டும். பின்னதில் நம்புவதற்கு எதுவும் இல்லை. ஒரு நல்ல பூட்டைக் கழற்றிவிட்டு வாக்குறுதியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு எதிர்ப்பு எழுந்த அளவு போதாது என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ளது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒன்றைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. இந்த ஸ்பீக்கருக்கு ஒரு கணக்குக்காரர் உண்டு, பெரும்பாலும் அதை வாங்கிப் பொருத்தியவர். வீட்டில் யார் என்ன கேட்டாலும் அந்தப் பட்டியலையும், சேமிக்கப்பட்டிருந்தால் ஒலிப்பதிவையும், அவர் தன் போனிலுள்ள செயலியில் திறந்து கேட்கலாம். மனைவி பகலில் எந்த மருத்துவமனையைப் பற்றி விசாரித்தாள், மாமியார் யாருக்கு அழைக்கச் சொன்னார், பதினைந்து வயதுப் பெண் எந்தச் சந்தேகத்தை அம்மாவிடம் கேட்காமல் இயந்திரத்திடம் கேட்டாள் என்பதெல்லாம் அங்கே தேதி வாரியாக இருக்கும். அமேசானின் ஊழியருக்கு அந்தப் பெண் யாரோ. அப்பாவுக்கு அப்படியல்ல.

'டிராப் இன்' என்ற வசதி இன்னும் ஒரு படி மேல். அனுமதி பெற்றவர் எங்கிருந்தாலும் வீட்டிலுள்ள ஸ்பீக்கரின் மைக்கைத் திறந்து நேரடியாகப் பேசலாம். எதிர்முனையில் யாரும் எடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் மகனுக்கு, ஊரில் தனியாக இருக்கும் தாய் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாரோ என்ற கவலையில் இது பெரிய ஆறுதல். அந்தத் தாய் பக்கத்து வீட்டுக்காரரிடம் மருமகளைப் பற்றி மனம்விட்டுப் பேசும் நேரத்திலும் அதே மைக் அதே இடத்தில்தான் இருக்கிறது. மணி ஒலிக்கும், விளக்கு எரியும் என்பது சரி. எழுபத்தெட்டு வயதில் பின்கட்டில் இருப்பவருக்கு அது தெரியுமா?

நீதிமன்றம் வரை இதை நீட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2015 நவம்பரில் ஒரு வீட்டில் நடந்த மரணத்தை விசாரித்த போலீஸார் அங்கிருந்த எக்கோவின் பதிவுகளைக் கேட்டார்கள். அமேசான் கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி எதிர்த்தது. பிறகு குற்றம் சாட்டப்பட்டவரே சம்மதித்ததால் 2017இல் கொடுத்தது. அந்த ஆண்டே வழக்கு கைவிடப்பட்டது. இந்தியாவில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவு செய்த வழக்கு. ஸ்பீக்கர் அதில் இல்லை. ஆனால் தானாகப் பதிவு செய்து தேதியோடு அடுக்கி வைக்கும் ஒரு பெட்டி கூடத்தில் இருக்கும்போது, குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்கள் அதை எட்டிப் பார்க்க வெகுகாலம் ஆகாது என்பது என் ஊகம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. இரண்டே மாதத்தில் எக்கோ இந்தியச் சந்தைக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆனது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே அமலுக்கு வரும். சட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில், அதாவது தமிழிலும், பெற வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் கூடாது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஓர் இடத்தில் பின்னடைவும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பழைய தகவல் தொழில்நுட்ப விதிகள் உடற்கூற்று அடையாளங்களை நுண்ணிய தகவல், அதாவது கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டியது, என்று தனியாக வகுத்தன. குரல் அமைப்பையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தன. புதிய சட்டத்தில் நுண்ணிய தகவல் என்ற தனி வகையே இல்லை. குரலும் கைரேகையும் மின்னஞ்சல் முகவரியும் ஒரே தட்டில்.

அறிவிப்பு எந்த மொழியில் வந்தாலும் அது கணக்குக்காரரின் போனுக்குத்தான் வரும். காலையில் வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே தன் வீட்டுக் கடன் தவணையைப் பற்றி போனில் பேசும் பெண்ணுக்கு வராது. விருந்தாளிக்கு வராது, டியூஷனுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வராது. எக்கோவின் தலையில் மைக்கை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். வீட்டு வேலைக்கு வரும் பெண் அதை அழுத்தலாமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை; அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.